காப்ஸ்யூலும் அட்டைப்பெட்டியும்

கூரியரில் வந்த மைக்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. தேங்காய் வாங்கி வாங்கி வந்த பழக்கமாக இருக்கலாம். கண்டென்சர் மைக் என்றால் அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே ஒரு ஸ்க்ரூ கழன்று கிடந்தால், நீங்கள் ஆட்டுகிற ஆட்டில் அது எங்கே போய் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அது மோதக்கூடாத இடத்தைத் தேடித்தான் போகும்.

மும்பை செம்பூரில் ஒரு சின்ன அறையில் ரெக்கார்டிங் செய்கிறேன். கூடவே நண்பர்களின் மைக்குகளைத் திறந்து பார்க்கிற வேலையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மாட்டுங்காவில் பஜனைக் கோஷ்டி வைத்திருப்பவர்கள், தாராவியில் ராப் பாடுகிற பசங்கள், வயலின் வகுப்பை ஆன்லைனில் எடுக்கிற மாமி என்று எல்லாரும் வருவார்கள். எந்த மைக் வாங்கலாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது எப்படி வந்து சேரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் செத்து வருகிற மைக்குகளில் பெரும்பாலானவை பாடிச் செத்தவை அல்ல, பயணத்தில் செத்தவை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டூடியோக்களில் பார்க்கிற நியூமன் யு 87 மாதிரியான பெரிய டயாஃப்ரம் மைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் வந்தது, இன்றைக்கும் அதன் ஜாடையில்தான் பாதி உலகம் மைக் செய்கிறது. அதன் சீனப் பிரதி ஒன்றின் அடியில் இருக்கிற வளையத்தைத் திருகி எடுத்தால் வெளிக்குழாய் தனியே உருவி வரும். இரண்டு பித்தளைக் கம்பிகள் தூண் மாதிரி நிற்கும், அவற்றுக்கு நடுவே சர்க்யூட் போர்டு. மேலே கிரில். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கிரில்லை நேர்செங்குத்தாக, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தால் வலையின் விளிம்பு காப்ஸ்யூலில் உரசிவிடும்.

உள்ளே தங்க நிறத்தில் ஒரு வட்டு நிற்கும். அதுதான் காப்ஸ்யூல். நடுவில் துளைகள் போட்ட பித்தளைத் தகடு. அதன் இரு முகத்திலும் மைலார் தாள், தடிமன் சுமார் 6 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அந்தத் தாளின் மேல் தங்கம் பூசியிருக்கும். தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. அந்த இடைவெளி குரலுக்கு ஏற்பச் சுருங்கி விரிவதுதான் மொத்த வித்தையும். 1916-இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்டே செய்து காட்டியதும் அடிப்படையில் இதேதான்.

தாளின் நடுவில் ஒரு குட்டி ஸ்க்ரூ, அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கீழே போகும். கூரியரில் அடிபட்ட மைக்குகளில் நான் முதலில் பார்ப்பது அந்த ஒயரின் சால்டரைத்தான். அடுத்து பார்ப்பது காப்ஸ்யூல் நிற்கிற காலை. காப்ஸ்யூல் ஒரு பிளாஸ்டிக் தாங்கியின் மேல் நிற்கிறது. சில மைக்கில் ரப்பர், சிலவற்றில் இரண்டும். பாடகர் ஸ்டாண்டைத் தட்டினால் அந்த அதிர்வு காப்ஸ்யூலுக்கு ஏறக்கூடாது என்பதற்காக அந்தக் காலைக் கொஞ்சம் நெகிழ்வாகவே வைத்திருப்பார்கள். பாட்டுக்கு அது சரி. ஆனால் நெகிழ்வான ஒரு காலின் உச்சியில் கனமான பித்தளையைக் குந்தவைத்து, அந்த மைக்கை டெம்போவில் ஏற்றி, கிடங்கில் எறிந்து, மறுபடி டெம்போவில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பள்ளிக்கூட இயற்பியல்தான். டெலிவரிப் பையனின் இடுப்பு உயரத்திலிருந்து பெட்டி கை நழுவி விழுகிறது, ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், ஏறக்குறைய மணிக்கு 16 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டிக்குள் நுரையே இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் நின்றால், மைக்கின் மேல் விழுகிற விசை அதன் எடையைப்போல் 1000 மடங்கு. நுரை 5 சென்டிமீட்டர் அமுங்கி மெதுவாக நிறுத்தினால் 20 மடங்கு. காப்ஸ்யூலும் தாங்கியும் சேர்ந்து 50 கிராம் என்று வையுங்கள். முதல் வகையில் அந்த ஒல்லிக் காலின் மேல் ஒரு கணம் 50 கிலோ ஏறி இறங்குகிறது. இரண்டாவதில் ஒரே ஒரு கிலோ. இதைச் சொன்ன பிறகும், "நல்ல கெட்டியான பெட்டியில்தானே அனுப்பினேன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டிதான் பிரச்சினையே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாராவிப் பசங்கள் பலர் பிஎம்-800 என்கிற மலிவு மைக்கில்தான் தொடங்கினார்கள். பார்க்க யு 87-க்குத் தம்பி மாதிரி பெரிய தலை, பெரிய கிரில். திறந்தால் உள்ளே விரல்நக அளவில் ஒரு எலெக்ட்ரெட் காப்ஸ்யூல், மீதியெல்லாம் காற்று. எலெக்ட்ரெட் மைக்கை 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கினார்கள். மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கியிருக்கும். எடை கிராம் கணக்கில். வெறும் பபிள் ராப் சுற்றி வந்தாலும், மாடியிலிருந்து விழுந்தாலும் பேசும். பத்து மடங்கு விலை கொடுத்து அடுத்த மைக் வாங்கியவன்தான் என்னிடம் வருவான். "அண்ணே, பழசு எத்தனை தடவ விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல. இது ஒரே தடவ வந்துச்சு, போச்சு" என்பான். நியாயமான வருத்தம்தான். விழுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லாதது எப்படி உடையும்? சபாக்களில் அஹூஜா டைனமிக் மைக்கைத் தூக்கிப் போட்டுப் பழகிய கைகளுக்கும் இதே அதிர்ச்சி வரும்.

இந்தப் பசங்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2018-இல் வந்த 'காலா' படத்தின் பாட்டுகளில் டோப்அடெலிக்ஸ் குழு பாடியது ஞாபகம் இருக்கும், அவர்கள் தாராவிக்காரர்கள். அந்தக் குழுவுக்குப் பிறகு 90 அடி சாலைச் சந்துகளில் எத்தனையோ வீட்டு ஸ்டூடியோ முளைத்தது. பத்துக்குப் பத்து அறை, சுவரில் மெத்தை, மேலே தகரக் கூரை. அங்கே ஒரு மைக் உயிரோடு இருப்பதே சாமர்த்தியம்.

தாராவி என்றதும் இன்னொரு விஷயம். மைக் பேக்கிங்கைப் பற்றி நான் படித்ததைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டது அங்கே பழைய அட்டைப்பெட்டி விற்கிற ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியிடம். தாராவியில் பழைய பெட்டிகளுக்கு மறுபிறவி கொடுக்கிறார்கள். பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஸ்டேப்பிள் அடித்துவிடுவார்கள். பழைய கம்பெனிப் பெயர் உள்ளே போய்விடும், வெளியே வழுவழுவென்று வெறும் பழுப்பு. பார்த்தால் புதுப்பெட்டிதான்.

நானும் மேலே தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி சிரித்தார்.

"மூஞ்சியப் பாத்து என்ன செய்ய? மடிப்பப் பாருங்க."

பெட்டியின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். மெத்தென்று உள்ளே போனது. இன்னொன்றை எடுத்து அதே இடத்தில் அழுத்தினார். விரல்தான் வலித்திருக்கும், பெட்டி அசையவில்லை.

"இது அஞ்சு ப்ளை, ஒரு தடவதான் ஓடியிருக்கு. அது மூணு ப்ளை, எத்தன ஊரு பாத்துச்சோ. உள்ள என்ன வைக்கப் போறிய?"

மைக் என்றேன். எவ்வளவு எடை, உடையுமா, மழைக்கு முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. அட்டையின் பலம் முழுக்க நடுவில் இருக்கிற அலைத்தாளில். ஒருமுறை நசுங்கினால் அந்த அலை திரும்ப எழுந்து நிற்காது. ஈரக்காற்றில் தானாகவே தளர்ந்துவிடும். ஜூலையில் ஒரு வாரம் கிடங்கில் கிடந்த அட்டைப்பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை வைத்தால், கீழே இருப்பது மெதுவாக உட்கார்ந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் ப்ளை கூடுதலான பெட்டியாக வாங்கச் சொன்னார். வாங்குகிறேன்.

நுரை விஷயத்தில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் தெர்மக்கோல் கட்சி. தெர்மக்கோல் முதல் அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் அமுங்கியது அமுங்கியதுதான், இரண்டாவது அடிக்கு அங்கே ஒன்றும் இருக்காது. உடைந்தால் வெள்ளை மணிகள் உதிரும், நிலைமின்னில் எல்லாவற்றிலும் ஒட்டும், கிரில் ஓட்டையிலும் சிக்கிக்கொள்ளும். சில டிவிப் பெட்டி மூலைகளில் வருகிற வெள்ளை ஈபிஈ (பாலிஎத்திலீன்) நுரை எனக்குப் பிடிக்கும். அமுங்கும், திரும்ப எழும், தண்ணீர் குடிக்காது. சோபாவுக்குள் வைக்கிற மாதிரி மெத்தென்ற ஸ்பாஞ்சு மட்டும் வேண்டாம். மைக் அதைத் தரைவரை அமுக்கிக்கொண்டு போய் அட்டையில் இடித்துவிடும். அப்படியானால் மேலே போட்ட கணக்கில் நாம் மறுபடி 1000 பக்கம் வந்து நிற்கிறோம்.

ஸ்பாஞ்சுக்கு இன்னொரு குற்றமும் உண்டு, இது கொஞ்சம் கொடூரமானது. பாலியூரித்தேன் நுரைகளில் சில வகைகள் ஈரக்காற்றிலேயே வேதியியல் ரீதியாக உடைந்துபோகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு மாவு மாதிரி உதிரும். பழைய மைக் பெட்டிகளைத் திறந்தால் கறுப்பாகக் கையில் ஒட்டுமே, அதுதான். பெட்டியில் இருந்தால் பரவாயில்லை, துடைத்துவிடலாம். சில மைக்குகளில் கிரில்லுக்கு உள்பக்கமே காற்றுத் தடுப்புக்காக மெல்லிய நுரை வைத்திருப்பார்கள். அது உதிர்ந்தால் நேரே டயாஃப்ரம் மேல். காப்ஸ்யூலில் 60 வோல்ட்டை ஒட்டி மின்னழுத்தம் இருக்கிறது, தூசியை அது தானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். பாதுகாக்க வைத்த பொருளே சுரண்டித் தின்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மும்பை மாதிரி கடலோர ஊரில் இது சீக்கிரமே நடக்கிறது.

வால்வு மைக் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்கள் உள்ளே வால்வைச் சுற்றி ஒரு நுரை வளையமோ ரப்பர்த் துண்டோ வைத்து அனுப்புவார்கள். சாக்கெட்டிலிருந்து வால்வு வழியில் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக. பயணத்துக்கு மட்டும் வைத்தது எது, நிரந்தரமாக இருக்க வேண்டியது எது என்று கையேட்டில் எழுதியிருக்கும். நம் ஊரில் கையேட்டைப் படிப்பவர் யார்? பயணத்துக்கு வைத்த நுரையோடே மைக்கை ஆன் செய்து மாதக்கணக்கில் பாடியிருப்பார்கள். வால்வின் சூட்டில் நுரை பழுப்பேறி ஒட்டிப்போயிருக்கும். அதே மைக்கைத் திரும்ப அனுப்பும்போது நுரை இல்லாமல் அனுப்புவார்கள், அப்போது வால்வு ஆடும். மைக்குக்கு எது எப்போது வேண்டுமோ அதற்கு நேர் எதிர்.

இடி ஒரு பக்கம் என்றால் ஈரம் மறுபக்கம். மும்பையில் இரண்டாவதுதான் பெரிய எதிரி என்பேன். காப்ஸ்யூலின் மின்தேக்கம் மிகச் சின்னது, சில பத்து பைக்கோஃபாரட். அதிலிருந்து சிக்னல் ஒழுகிப் போகாமல் இருக்க 1 ஜிகா ஓம், அதாவது 100 கோடி ஓம் அளவிலான ரெசிஸ்டர் போடுவார்கள். உள்ளே உற்றுப் பார்த்தால் அந்த இணைப்புகள் மட்டும் போர்டைத் தொடாமல், டெஃப்லான் முளைகளின் மேல் அந்தரத்தில் நிற்கும். சாதாரண போர்டின் மேற்பரப்பே அந்த அளவு மின்தடைக்குப் போதாது என்று பயந்து செய்த ஏற்பாடு. அங்கே விரல் ரேகை பட்டாலே போதும், மழைநாளில் அந்த எண்ணெய்ப் படலம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். ஹெட்போனில் அப்பளம் பொரிவது கேட்டால் அதுதான்.

ஜூலையில் மும்பைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். 25-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளிக்காற்றில் காட்டினாலும் அதன் மேல் நீர் அரும்பும். ஏசியை 20-இல் வைத்த ஸ்டூடியோவிலிருந்து மைக்கை எடுத்து, குர்லாவில் ரயில் மாறி, லக்கேஜ் பெட்டியில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்று சயானில் இறங்கி, தாராவிச் சந்தில் திறக்கிறீர்கள் என்றால் காப்ஸ்யூலின் மேல் பனி இறங்கியிருக்கும். விமான சரக்கில் குளிர்ந்து வந்த புதுப்பெட்டிக்கும் இதே கதைதான். செய்ய வேண்டியது சோம்பேறித்தனம் மட்டுமே. பெட்டியை மூடியபடியே அறையில் சில மணி நேரம் வையுங்கள். உள்ளே இருப்பது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

அரிசி டப்பாவில் மைக்கைப் புதைக்கச் சொல்லும் பாட்டி வைத்தியத்தை இங்கேயே மறுத்துவிடுகிறேன். அரிசியில் தவிட்டுத் தூசி இருக்கிறது, அது கிரில் வழியாகப் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, காற்றுப் புகாத டப்பா ஒன்று, இவ்வளவுதான் செலவு. நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

சினிமா சவுண்ட்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் கையில் இருக்கிற சென்ஹைசர் எம்கேஹெச் 416-இல் காப்ஸ்யூலை உயர் அதிர்வெண் சுற்று ஒன்றில் இணைத்திருக்கிறார்கள். அங்கே 100 கோடி ஓம் விவகாரமே கிடையாது, அதனால் ஈரத்தை அது பெரிதாக மதிப்பதில்லை. மழையில் நனைந்த லொக்கேஷனிலும் வேலை செய்யும். அதற்கான விலையையும் அவர்கள் கொடுக்கிறார்கள்.

நியூமன் கம்பெனிக்கே ஒருமுறை பெட்டி கட்ட வேண்டி வந்தது தெரியுமா? 1928-இல் பெர்லினில் தொடங்கிய கம்பெனி. போரில் குண்டு விழத் தொடங்கியதும் 1943-இல் பட்டறையை கெஃபெல் என்ற சிற்றூருக்கு மாற்றினார்கள். போர் முடிந்து நாடு பிரிந்தபோது கெஃபெல் கிழக்கில் மாட்டிக்கொண்டது, கியார்க் நியூமன் பெர்லினில் மறுபடி தொடங்கினார். கெஃபெலில் தங்கியவர்களின் வாரிசுதான் இன்றைய மைக்ரோடெக் கெஃபெல். எம்7 என்கிற பழைய பிவிசி காப்ஸ்யூலை அவர்கள் கைவிடவில்லை. அந்த பிவிசி தாள் வயதானால் இறுகி வெடிக்கும், மைலார் அப்படி ஆவதில்லை. பழைய மைக்கைப் பெரிய விலைக்கு வாங்குகிறவர்கள் பேக்கிங்கைக் கேட்பதற்கு முன்னால் தாள் எது என்று கேட்பது நல்லது.

வந்த பெட்டியை என்ன செய்வது என்பதில் மும்பைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல். ஒன் ரூம் கிச்சனில் காலிப் பெட்டிக்கு எங்கே இடம்? பரணில் ஏற்கெனவே கொலுப் பொம்மைகள் இருக்கும். மைக்கோடு வந்த மரப்பெட்டியை வைத்துக்கொண்டு வெளி அட்டையைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் மரப்பெட்டியின் அளவுக்கு வெட்டிய நுரையும் அதைச் சுற்றியிருந்த இடைவெளியும் அந்த வெளி அட்டைக்குள்தான் இருந்தன. மரப்பெட்டி அலமாரியில் வைக்க, அனுப்ப அல்ல. அதை மட்டும் பிரவுன் பேப்பரில் சுற்றி ரிப்பேருக்கு அனுப்புகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும். இடம் இல்லையென்றால் அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கி மெத்தைக்கடியில் போடுங்கள், நுரையை மட்டும் ஒரு பையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

நான் அனுப்பும்போது ஷாக் மவுண்டிலிருந்து மைக்கைக் கட்டாயம் கழற்றுவேன். எலாஸ்டிக்கில் மாட்டியபடி அனுப்பினால் அது பெட்டிக்குள் ஊஞ்சலாடி எல்லாப் பக்கமும் மோதும். மைக்கை நூல் உதிராத துணிப்பையில் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை, அதற்குள் சிலிக்கா பொட்டலம் ஒன்று. பிறகு மரப்பெட்டி. மரப்பெட்டிக்கும் வெளி அட்டைக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் ஈபிஈ நுரை. பவர் சப்ளை இருந்தால் அது தனிப் பெட்டியில். இரண்டையும் ஒன்றாக வைத்து, இரண்டு கிலோ இரும்பு வழியெல்லாம் மைக்கை உதைத்துக்கொண்டு போன கதைகள் என்னிடம் உண்டு. மூடிய பெட்டியைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது நகர்ந்தால் திரும்பப் பிரிப்பேன். 'ஜாக்கிரதை' ஸ்டிக்கரை ஒட்டுவேன், ஆனால் அதை நம்ப மாட்டேன். பேக்கிங் செய்யும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துவிடுவேன். பல கூரியர் கம்பெனிகளின் நிபந்தனைகளில் 'போதுமான உள் பேக்கிங் இல்லையென்றால் இழப்பீடு கிடையாது' என்று பொடி எழுத்தில் இருக்கும். கேள்வி வரும்போது படம்தான் பேசும்.

பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்தால், டெலிவரிப் பையன் நிற்கும்போதே மூலைகளைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் அப்போதே படம் எடுங்கள். சில மணி நேரம் பொறுத்துத் திறங்கள். கிரில்லில் சொட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கேபிளைச் செருகிய பிறகு 48 வோல்ட் ஃபேன்டம் பவரை ஆன் செய்யுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரு சாண் தூரத்திலிருந்து மெதுவாகப் பேசுங்கள். பேட்டர்ன் ஸ்விட்ச் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி, மைக்கின் முன்னாலும் பின்னாலும் பேசிப் பாருங்கள். எட்டு வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு கேட்க வேண்டும். ஒரு பக்கம் மங்கினால் அந்தப் பக்கத்து ஒயர் விட்டிருக்கலாம், வாரண்டிக்கு அன்றைக்கே எழுதுங்கள். திறந்து பார்க்கலாமா என்று கை அரித்தாலும் திறக்காதீர்கள், ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டு பெயின்ட் வைத்திருப்பார்கள். அது உடைந்திருந்தால் வாரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள், பிறகு செம்பூருக்குத்தான் வர வேண்டியிருக்கும்.